வரதனுக்கு மண்ணில் ஒரு கோட்டு

1

போன வாரம் குடியாத்தத்திலிருந்து நம் உறவுக்காரர் ஒருவர் பங்காருபேட்டையில் வண்டி மாறி ஊரிகம் வந்திருந்தார். பஜாரில் விசாரித்துக்கொண்டு என் தையல் கடைக்கு வந்தார். ஒரு சொம்பு தண்ணீர் முழுவதையும் குடித்து முடித்த பிறகுதான் பேச ஆரம்பித்தார்.

"ஏம்ப்பா ஏகாம்பரம், தம்பிக்கு நீ மண்ணுல கோட்டு தெச்சியாமே? ஊர்ல பேசிக்கிறாங்க. புத்தி பேதலிச்சிடுச்சுன்னு சிலபேரு சொல்றாங்க. அண்ணன்னா இப்டி இருக்கணும்னு சிலபேரு சொல்றாங்க. நெசம் இன்னா?"

நான் பதில் சொல்வதற்குள் ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துவிட்டார். ஆகவே ஊரில் இருக்கும் உங்கள் எல்லாருக்குமாக எழுதுகிறேன். வாத்தியார் ஐயா இதை உரக்கப் படித்துக் காட்டுவார் என்று நம்புகிறேன். கோட்டு செய்தது உண்மைதான். மற்ற இரண்டும் உண்மையில்லை.

இந்த ஆடியோடு தம்பி வரதன் சுரங்கத்துக்குள்ளே போய் நான்கு வருஷம் ஆகிறது. எந்தச் சுரங்கம் என்று எழுதப்போவதில்லை. அந்தச் சுரங்கத்து ஆட்களுக்கு இன்றும் நான்தான் சட்டை தைக்கிறேன்.

இங்கே என் நாள் எப்படிப் போகிறது என்று கேட்பீர்கள். காலையில் ஷிப்ட் சங்கு ஊதுவதற்கு முன்னால் கடையைத் திறப்பேன். பொன் எடுக்கக் கல்லை இடித்துத் தூளாக்கும் மில் இங்கே இரவும் பகலும் ஓடுகிறது. அந்த அதிர்வில் என் ஊசி டப்பா மேசைமேல் தானாக நகரும். சத்தம் இருக்கும்வரை யாரும் அதைக் கவனிப்பதில்லை. மில் நின்றுவிட்டால் மட்டும் எல்லா வீட்டிலிருந்தும் பெண்கள் வாசலுக்கு வந்துவிடுவார்கள்.

2

வரதன் என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவன். அம்மா போன பிறகு அவனைச் சோறு போட்டு வளர்த்தவன் நான்தான். இது உங்களுக்குத் தெரியும். பாலாற்றில் இரண்டு வருஷம் தண்ணீர் வராமல் போனபோது நான் இங்கே வந்ததும் தெரியும். ஊரைப் பற்றி இனிப்பாக எழுத எனக்கு வரவில்லை. கடைசி நாட்களில் அங்கே புதுத் துணி எடுத்தவர் யாருமில்லை. ஒரு சட்டையில் நான் போட்ட ஒட்டுக்கு மேலேயே மறுபடி ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன்.

இங்கே வந்து கொஞ்சம் கால் ஊன்றியதும் வரதனுக்குக் கடிதம் போட்டேன். "கனகுவையும் குழந்தையையும் அழைத்துக்கொண்டு வா. இங்கே வேலை இருக்கிறது. வேலை இல்லாதவன் என்று ஒருவனும் இல்லை" என்று எழுதினேன். அந்த வரிகள் எனக்கு மனப்பாடம். பொய் ஒன்றும் எழுதவில்லை.

வந்தவன் தையலில் உட்காரவில்லை. "குந்திக்கினே இருந்தா முதுகு ஒடியுதுண்ணா" என்பான். ஷாஃப்ட் என்கிற ஆழக் குழிக்குள் இறங்கி, உடைத்த கல்லை வண்டியில் அள்ளிப்போடும் வேலைக்குப் போனான். கம்பெனி லைனில் ஒரு தட்டி வீடு கொடுத்தார்கள். மூங்கில் தட்டியே சுவர். அடுத்த வீட்டில் இருமினால் இந்த வீட்டு விளக்கு ஆடும். அடுத்த வீட்டுக்காரன் பெயர் குப்புசாமி. அவனும் பூமிக்கடியில் அதே லெவலில், அதே சுரங்கப் பாதையில், வேலை பார்ப்பவன்.

உள்ளே இறங்கும் ஒவ்வொருவனுக்கும் எண் போட்ட பித்தளை டோக்கன் உண்டு. இறங்கும்போது அதைக் காட்டி எழுதிக்கொள்ள வேண்டும். அந்த ஆடி மாதத்தில் குப்புசாமிக்குக் காய்ச்சல். இன்னும் ஒரு நாள் வராவிட்டால் பெயரை அடித்துவிடுவேன் என்று மேஸ்திரி சொல்லியிருந்தார். வரதனுக்கு அன்று ஷிப்ட் இல்லை. குப்புசாமியின் டோக்கனை வாங்கிக்கொண்டு அவன் பெயரில் இறங்கினான். இப்படி ஒருவருக்கொருவர் செய்வது லைனில் வழக்கம். போகும் வழியில் கடைக்கு வந்து, எனக்குக் கொஞ்சம் வெற்றிலை கொடுத்துவிட்டுப் போனான்.

3

பொழுது நன்றாக ஏறியிருந்தது. தரை ஒருமுறை குலுங்கியது. மேசையிலிருந்து கத்தரி விழுந்தது. அப்புறம் மில் நின்றது.

நான் ஓடியபோது, ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜ் மேலே வந்துகொண்டும் கீழே போய்க்கொண்டும் இருந்தது. வந்தவர்கள் எல்லாரும் தூசியில் ஒரே நிறமாக இருந்ததால் ஒவ்வொரு முகத்தையும் கிட்டே போய்ப் பார்க்க வேண்டியிருந்தது. வரதன் வரவில்லை. அவனையும் சேர்த்து மூன்று பேர் வரவில்லை. பாறை இறங்கி அந்த லெவலின் வாயை அடைத்துவிட்டது என்றார்கள். இரண்டு நாள் தோண்டினார்கள். தோண்டத் தோண்ட மேலிருந்து விழுந்துகொண்டே இருந்தது. மூன்றாம் நாள், இனி உள்ளே ஆளை விட்டால் அவர்களும் மிஞ்சமாட்டார்கள் என்று சொல்லி, கல் கட்டி மூடிவிட்டார்கள்.

மூடும்போது உள்ளேயிருந்து தட்டுகிற சத்தம் கேட்டது என்று ஒரு கொத்தன் சொன்னான். அது தண்ணீர் இறைக்கும் பம்ப் சத்தம் என்று இன்னொருவன் சொன்னான். இரண்டு பேரையும் நான் பலமுறை கேட்டுவிட்டேன். வரதனுக்கு எந்தத் திதி வைப்பது என்று ஊரிலிருந்து கேட்டு எழுதுகிறீர்கள். என்னால் ஏன் பதில் எழுத முடியவில்லை என்று இப்போது உங்களுக்குப் புரியும்.

ஆபீசுக்குப் போனேன். புத்தகத்தில் குப்புசாமி இறந்துவிட்டான் என்று எழுதியிருந்தது. வரதன் என்ற பெயருக்கு நேராக ஒன்றும் இல்லை. கிளார்க் கன்னடக்காரர், நல்ல மனிதர், தமிழ் கொஞ்சம் வரும். பக்கத்தில் சுரங்கத்து அதிகாரி காப்டன் துரை நின்றிருந்தார். இந்த ஆள் என்ன சொல்கிறான் என்று துரை கேட்டார் போலிருக்கிறது.

எனக்கு அழுகை முட்டியது. "என் தம்பி போயிட்டான் சாமி. போயிட்டான்" என்று மட்டும் சொன்னேன்.

கிளார்க் அதை இங்கிலீஷில் சொன்னார். துரை தலையை ஆட்டினார். கிளார்க் புத்தகத்தில் ஒரு வரி எழுதினார். என் துக்கத்தை எழுதிக்கொண்டார்கள் என்று நினைத்து, கும்பிட்டுவிட்டு வந்தேன்.

ஒரு மாதம் கழித்துக் கனகுவுக்கு ஒரு காகிதம் வந்தது. பள்ளிக்கூடத்து டீச்சரம்மாவிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னோம். வரதன் என்பவன் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டுப் போய்விட்டான், அவன் அண்ணனே வந்து அப்படிச் சொல்லியிருக்கிறான், ஆகையால் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று இருந்தது.

திரும்ப ஓடினேன். நடந்ததையெல்லாம் சொன்னேன். கிளார்க் பொறுமையாகக் கேட்டார்.

"டோக்கன் மாத்தினாங்க அந்தா, யாரு ஹேளோது? குப்புசாமி வந்து ஹேளலி. நான் திருத்திக் குடுக்கறேன்" என்றார். ஹேளோது என்றால் சொல்வது; குப்புசாமியே வந்து சொல்ல வேண்டுமாம்.

"அவன் செத்துட்டான்னுதானே நீங்க எழுதிக்கீறீங்க?"

"ஆமா. அதே கஷ்ட" என்றார். என்னைவிட அவருக்குத்தான் வருத்தம் அதிகம் போல முகத்தை வைத்துக்கொண்டார்.

குப்புசாமியைக் கூட்டிவர வழியில்லை; அவன் வீட்டுத் தட்டிக்கதவு ஒரு மாதமாகக் கயிற்றால் கட்டிக் கிடந்தது. தான் செத்துவிட்டதாக எழுதியிருப்பதைக் கேட்ட மறுநாளே, காய்ச்சல் உடம்போடு பெண்டாட்டியை இழுத்துக்கொண்டு போய்விட்டிருந்தான். எந்தத் திக்கு என்று யாருக்கும் தெரியவில்லை. பயந்திருப்பான். அவன்மேல் எனக்குக் கோபம் இருந்தது. இப்போது அதற்கும் தெம்பு இல்லை.

4

கனகுவும் குழந்தை பவுனும் என் கடையின் பின்னறைக்கு வந்தார்கள். என் மனைவி காலராவில் போனது உங்களுக்குத் தெரியும். நான் முன்னால் துணி வெட்டும் மேசைமேல் படுத்துக்கொண்டேன். அப்படியும் பஜாரில் பேசினார்கள். தம்பியை விரட்டிவிட்டு அவன் பெண்டாட்டியை வைத்துக்கொண்டான் என்று பேசினார்கள். புத்தகமே சொல்கிறதே, வரதன் போய்விட்டான் என்று.

கனகு தாலியைக் கழற்றவில்லை. பொட்டும் வைத்துக்கொண்டாள். ஆனால் பூ வைக்கவில்லை, நல்ல சேலை உடுத்தவில்லை, ஒரு வீட்டு விசேஷத்துக்கும் போகவில்லை. ஒருநாள் நானே கேட்டேன்.

"பொணத்த பாக்காம எப்டி மாமா அறுக்கறது?" என்றாள். "தீட்டு கழிக்கலாம்னா எந்த நாளிலருந்து எண்றது? ஒரு குழி கீதா, போய் வுழுந்து அழறதுக்கு? நான் இன்னான்னு எனக்கே தெரியல."

இடுகாட்டில் ஒரு குழி தோண்டி, அவன் வேட்டியையாவது புதைக்கலாம் என்று கேட்கப் போனேன். அது கம்பெனி நிலம். ஆபீஸ் சீட்டு இல்லாமல் குழி இல்லை. அவன் வேட்டியும் இல்லை என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. இருந்ததைப் பவுனுக்குப் போர்த்தக் கிழித்தாயிற்று.

இந்தச் சமயத்தில்தான் நாகம்மா கடைக்கு வந்தாள். பங்காருபேட்டை சாலையில் செங்கல் சூளை இருக்கிறது. அங்கே வேலை செய்யும் தெலுங்குக்காரி. வயது முப்பது இருக்கலாம். கெட்டிச் சாக்குத்துணியில் பெரிய விரிப்பாக நான்கு தைத்துத் தரச் சொன்னாள். எதற்கென்று கேட்டேன். "மட்டி பரப்பறதுக்கு" என்றாள். மட்டி என்றால் மண்.

தைத்ததைக் கொடுக்கப் போனபோது அவள் வேலை செய்துகொண்டிருந்தாள். சாக்கின்மேல் மண்ணைப் போட்டு, இரண்டு பக்கமும் ஒரே கனமுள்ள ரீப்பர் கட்டையை வைத்து, உருளைக் கட்டையால் தேய்த்தாள். மண் சப்பாத்திபோல, ஆனால் ஒரு பாயகலத்துக்குப் பரந்தது. துரைமார் பங்களாக்களில் புகைபோக்கி உச்சியில் வைக்கும் மண்குழாய்கள் செய்கிறாளாம். அந்த மண்தகட்டை நூலால் அளவாக அறுத்தாள். சாக்கோடு தூக்கி ஒரு மரக்கட்டையைச் சுற்றி வளைத்தாள். இரண்டு ஓரமும் சந்தித்த இடத்தில் ஆணியால் கீறி, மண்கூழைத் தடவி, அமுக்கி ஒட்டினாள். கட்டையை உருவினாள்.

அங்கே நின்றது ஒரு சட்டைக் கை. எனக்கு அப்படித்தான் தெரிந்தது. இருபது வருஷமாக நான் துணியில் வெட்டிச் சுற்றி மூட்டுவதை அவள் மண்ணில் செய்துகொண்டிருந்தாள். ஒரு வித்தியாசம். என் கை மேசையில் வைத்தால் மடிந்து விழும். அவளுடையது, உள்ளே யாரோ இருப்பதுபோல நின்றது.

"எனக்கு இத்த கத்துக்குடுப்பியாம்மா?" என்று கேட்டேன்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "டைலரண்ணாக்கு எந்துக்கு இது?"

சொன்னேன். குழியில் வைக்க உடம்பு இல்லாத தம்பிக்கு, உடம்புபோல நிற்கும் ஒரு கோட்டாவது வேண்டும் என்றேன். அவள் கட்டையைக் கழுவினாள். பிறகு, "ஆதிவாரம் வாங்க" என்றாள். ஞாயிற்றுக்கிழமை.

5

ஞாயிறுதோறும் போனேன். துணி தெரிந்தவனுக்கு மண் சுலபம் என்று நினைத்தேன். தெரிந்ததெல்லாம் இடைஞ்சலாகத்தான் வந்தது.

முதலில், பழக்கத்தில் ஓரங்களில் தையலுக்கு விடும் அளவை விட்டு வெட்டினேன். மண்ணுக்கு அது வேண்டாம், ஓரமும் ஓரமும் முட்டினால் போதும். அடுத்தது, ஈரமாகவே முன்துண்டையும் முதுகையும் சேர்த்து நிறுத்தினேன். கொஞ்ச நேரம் நின்று, தோள் சரிந்து, கும்பிட்டு விழுந்தது. அதற்கடுத்த வாரம், சரியப்போகிறதே என்று நன்றாகக் காயவிட்டு மடித்தேன். அப்பளம்போல உடைந்தது.

"இது துணி காது அண்ணா" என்றாள் நாகம்மா. காது என்றால் தெலுங்கில் 'அல்ல'. முதல் சில வாரம் அவள் ஏன் என் காதைப் பற்றியே பேசுகிறாள் என்று குழம்பியிருந்தேன். "துணி நீங்க சொன்னது கேக்கும். மட்டி ஒரு பூட்டதான், ஒரு வேளைதான் கேக்கும். அந்த வேளைய நீங்க பாத்துக்கினு இருக்கணும்."

அந்த வேளை, செருப்புத் தோல் பதம். தகடு வளையவும் வேண்டும், வளைத்தது நிற்கவும் வேண்டும். வெயில் நாளில் அது சீக்கிரம் வந்து சீக்கிரம் போய்விடும். மழை நாளில் சாயங்காலம்வரை காத்திருக்க வேண்டும். நான் மரத்தடியில் உட்கார்ந்து, விரலால் ஓரத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன். வரதன் போன பிறகு மனசு ஒரே இடத்தில் இருந்தது அந்தக் காத்திருப்பில் மட்டும்தான். அதைச் சொல்ல வெட்கமாகவும் இருக்கிறது.

மெல்ல மெல்லக் கை பழகியது. பழைய ஓடுகளைத் தூளாக்கி மண்ணில் கலந்தால் வெடிப்பு குறையும். மூட்டின் உட்புறம் மெல்லிய மண்திரி வைத்து அமுக்க வேண்டும். மார்புக்குள் தாங்கலாக மரத்தூள் நிரப்பிய பை வேண்டும். அந்தப் பையை நானே தைத்தேன், என் வித்தை உதவியது அங்கே மட்டும்தான். காலரை மடக்கினேன். பொத்தானுக்குச் சிறு வட்டங்கள் ஒட்டினேன். முழங்கையில் துணி கசங்குமே, அந்தக் கசங்கலைக் கட்டைவிரலால் கொண்டுவர மூன்று மாதம் ஆயிற்று. நான்கு கோட்டுகள் காயும்போதே பிளந்தன. ஒன்று சூளைக்குள் வெடித்தது. உள்ளே ஈரம் தங்கியிருந்தது என்றாள் நாகம்மா.

ஆறாவது முழுசாக வந்தது. செங்கல் நிறத்தில், தட்டினால் கிண்ணென்றது. வைக்கோலில் சுற்றி வண்டியில் கொண்டுவந்து பின்னறையில் வைத்தேன். கனகு சுற்றி வந்து பார்த்தாள்.

"யாருது மாமா இது?" என்றாள்.

"வரதனுக்கும்மா."

"அவருக்கா? சின்னப் புள்ள கோட்டு மாதிரி கீது."

கிட்டே போய் நாடா வைத்துப் பார்த்தேன். உண்மைதான். மண் காய்ந்தும் வெந்தும் சுண்டியிருந்தது. நாகம்மா சொல்லியிருந்தாள். நான் கேட்டுக்கொண்டு, துணி சுருங்கும் அளவுக்கு மட்டும் விட்டிருந்தேன். ஆனால் தவறு அது மட்டுமில்லை. சுண்டாமல் இருந்தாலும் அது என் உடம்புக்கு ஆன கோட்டு. என் அளவை வைத்து வெட்டியிருந்தேன்.

வரதன் அளவு எனக்குத் தெரியாது. எழுத எழுதக் கை கூசுகிறது. ஊரில் அவன் போட்டதெல்லாம் என் பழைய சட்டைகள். இங்கே வந்த பிறகும் அப்படித்தான். "எனக்கு ஒரு கோட்டு தெச்சிக் குடுண்ணா" என்று இரண்டு தீபாவளிக்குக் கேட்டான். வந்த வேலையை முடிக்கிறேன் என்று இரண்டு தீபாவளிக்கும் சொன்னேன். இந்த ஊரிகத்தில் பாதிப் பேர் மார்பளவு என் நோட்டில் இருக்கிறது. என் தம்பியை நான் ஒருநாளும் நிற்கவைத்து அளந்ததில்லை.

அதைக் கனகுவிடம் சொன்னேன். அவள் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. எழுந்து என் முன்னால் வந்து நின்றாள். இரண்டு கையையும் முன்னால் நீட்டி, ஒருவரைக் கட்டிக்கொள்வதுபோல வளைத்து, விரல்களைக் கோத்துக்கொண்டாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"அளந்துக்கோங்க" என்றாள்.

நான் அவளைத் தொடாமல் நாடாவைக் கை வளையத்தின் உள்பக்கமாகக் கொண்டுபோனேன். அவள் வளையத்தைக் கொஞ்சம் இறுக்கினாள், கொஞ்சம் தளர்த்தினாள்.

"மூச்சு இழுத்தா இவ்ளோ. மூச்சு வுட்டா இவ்ளோ."

"எத எழுதிக்கிறதும்மா?"

"வுட்டதையே எழுதுங்க" என்றாள்.

தோளுயரத்துக்குத் தன் நெற்றியில் கை வைத்துக் காட்டினாள். கைநீளத்துக்கு, அவன் படுத்திருக்கும்போது அவன் கை எங்கே வரும் என்று யோசித்துத் தன் இடுப்பில் ஒரு இடம் காட்டினாள். எல்லாவற்றையும் நோட்டில் எழுதினேன். மேலே அவன் பெயரைப் போட்டேன்.

6

ஏழாவது கோட்டைப் பெரிதாக வெட்டினேன், சுண்டுவதற்கு நாகம்மா சொன்னபடி பத்தில் ஒரு பங்கு கூட்டி. ஈரச்சாக்கு போர்த்தி, ஒரு மாதம் நிழலிலேயே காயவைத்தோம். சூளையில் அடுக்கும்போது நாகம்மா தானே உள்ளே இறங்கி அதற்கு இடம் பார்த்து வைத்தாள். இடது அக்குளில் விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பைத் தவிர, நன்றாக வந்தது. நாடா வைத்தேன். நோட்டில் இருந்த அளவு.

கனகு அதன் அருகில் உட்கார்ந்து, முன்போலக் கையை வளைத்து ஒருமுறை கட்டிப் பார்த்தாள். அன்று சாயங்காலம் வீட்டில் அடுப்பு எரியவில்லை.

இடுகாட்டுக்கு வண்டியில் கொண்டுபோனோம். அங்கே இருந்தவன் வைக்கோலை விலக்கிப் பார்த்துவிட்டு, "சீட்டு?" என்றான். மறுபடி எல்லாக் கதையையும் சொன்னேன். கேட்டுக்கொண்டான். "ஆளுக்கே சீட்டு இல்லாம நான் குழி வுட மாட்டேன். கோட்டுக்கு எந்த ஆபீசுல போய் சீட்டு வாங்குவீங்க? போங்க" என்றான். குரலில் கோபம் இல்லை.

கேஜ் இழுக்கும் என்ஜின்காரர் ஒருவர் எனக்குப் பழக்கம். மூடிய லெவல் பூமிக்கடியில் எந்தப் பக்கம் போகிறது என்று அவரிடம் முன்பே கேட்டு வைத்திருந்தேன். ஷாஃப்டுக்குக் கிழக்கே, புதர் மண்டிய ஒரு பாறைக்காடு. அதற்கு நேர் கீழே எத்தனையோ நூறடி ஆழத்தில் அவன் இருக்கிறான். அங்கே போனோம். நான், கனகு, பவுனு, நாகம்மா. நானும் நாகம்மாவும் மாற்றி மாற்றிக் கடப்பாரை போட்டோம். பாறை, இடுப்பளவு தோண்டவே மத்தியானமாகிவிட்டது.

கோட்டை இறக்கினோம். கனகு தாலிக்கயிற்றைக் கழற்றி, காலர் வழியாக உள்ளே விட்டாள். அடியில் போய் விழுந்த சத்தம் கேட்டது. அப்போதுதான் அவள் அழுதாள். இரண்டரை வருஷத்து அழுகை.

பவுனுக்கு அப்போது எட்டு வயது முடிந்திருந்தது. வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு தூரத்தில் நின்றவள், நாங்கள் மண் தள்ள ஆரம்பித்ததும் ஓடி வந்தாள். என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"பெரீப்பா, இத்த பொதைச்சுட்டா நைனா வந்து இன்னா போட்டுக்குவாரு?"

பள்ளிக்கூடத்திலும் லைனிலும் எல்லாரும் அவளிடம் சொன்னது ஒன்றுதான்: உன் அப்பா ஓடிப்போய்விட்டார். ஓடிப்போனவர் திரும்பி வரலாம் அல்லவா? நாங்கள் சொன்னதை அவள் நம்பவில்லை. நாங்கள் சொன்னதற்குச் சாட்சி இல்லை, அவர்கள் சொன்னதற்குப் புத்தகம் இருந்தது. கனகு அவளைச் சேர்த்து இழுத்துக்கொண்டாள். குழந்தை திமிறிக்கொண்டு வண்டிக்கே போய்விட்டாள். நாகம்மா மட்டும் நிறுத்தாமல் மண் தள்ளினாள். யாராவது தள்ளி முடிக்க வேண்டும் அல்லவா.

அதன் பிறகு கனகுவின் மனசு ஆறியது என்று எழுத எனக்கு ஆசை. ஆறவில்லை. பொட்டு அழிந்தது, பஜாரில் பேச்சு கொஞ்சம் குறைந்தது, அவ்வளவுதான். பின்னறையில் உட்கார்ந்து எனக்குப் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுத்துக் கொடுக்கிறாள். ஐந்தாறு மாதம் கழித்து அந்தப் பாறைக்காட்டுக்குக் கம்பெனி தண்டவாளம் போட்டது. மில்லில் இடித்துப் பொன் எடுத்த பிறகு மிஞ்சும் மணலைக் கொண்டுவந்து அங்கே கொட்டுகிறார்கள். குழிமேல் நான் நட்டு வைத்த கல் எந்த இடம் என்று இப்போது சொல்ல முடியாது. வெள்ளையாக ஒரு குன்று எழும்பிவிட்டது, தினமும் வளர்கிறது. காற்றடிக்கிற நாளில் அந்த மணல் கடைக்குள் வந்து, வெட்டி வைத்த துணியின்மேல் படிகிறது. தட்டிவிட்டுத் தைக்கிறேன்.

நாகம்மா சூளையை விட்டு வேறு ஊர்ப் பக்கம் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் மண்ணைத் தொடுவதில்லை.

7

இனி பவுனைப் பற்றி. அவளைப் பார்த்தால் உங்களுக்கு அடையாளம் தெரியாது. தெருப்பிள்ளைகளோடு கன்னடம், தண்ணீர்க் குழாயடியில் தெலுங்கு, பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ். எங்களோடுதான் தமிழ், அதுவும் வரவரக் குறைகிறது. கேட்டதற்கு "ஹூம்" என்பாள். என்னைப் பெரீப்பா என்று கூப்பிடுவதை அந்தப் பாறைக்காட்டு நாளோடு விட்டுவிட்டாள். பெயர் சொல்லாமல், "சாப்பாடு ரெடி" என்று கதவோரம் நின்று சொல்லிவிட்டுப் போவாள். நான் குறை சொல்லவில்லை.

அந்த உறவுக்காரர் வந்து போன மறுநாள் காலை, பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பியவள் என் மேசை முன்னால் நின்றாள். கையில் ஒரு காகிதம். மடிப்பு மடிப்பாக இருந்தது. கீழே ஆபீஸ் முத்திரை.

"நானே எழுதினேன்" என்றாள். "ஸ்பெல்லிங் மட்டும் டீச்சர் பாத்தாங்க. போன வாரம் ஆபீசுல குடுத்தேன். கிளார்க் சார் இன்னொரு காகிதத்துல திரும்ப எழுதச் சொல்லி ஒண்ண அவரே வச்சிக்கினாரு. இதுல சீல் போட்டு என்கிட்ட குடுத்துட்டாரு."

நான்கு வருஷமாக நான் கொடுத்த எந்த மனுவையும் அந்த ஆபீஸ் வாங்கி வைத்துக்கொண்டதில்லை.

"இன்னாம்மா எழுதிக்கீற?"

இங்கிலீஷில் ஒருமுறை படித்தாள், கடகடவென்று. பிறகு எனக்காகத் தமிழில் சொன்னாள், வார்த்தைக்கு நின்று நின்று. "ஐயா, என் அப்பா பேரு வரதன். வேலைய விட்டு எங்கியோ போயிட்டாரு. அவரு திரும்பி வந்தா முதல்ல லைன் வீட்டுக்குத்தான் போவாரு. அங்க இப்ப வேற ஆளுங்க கீறாங்க. எங்க அட்ரஸ் மாறிடுச்சு. ஊரிகம் பஜார், டைலர் ஏகாம்பரம் கடைன்னு தயவு செஞ்சி அவருகிட்ட சொல்லுங்க. நான் பவுனு. இப்ப உசரமா வளந்துட்டேன், பாத்தா தெரியாதுன்னும் சொல்லுங்க."

காகிதத்தை என் பக்கம் திருப்பி மேசைமேல் வைத்தாள். எனக்கு இங்கிலீஷ் ஒரு எழுத்தும் தெரியாது என்பது அவளுக்குத் தெரியும்.

"தப்பு இருந்தா சொல்லு பெரீப்பா" என்றாள்.

பின்னறையில் கனகுவின் ஊசி நின்றுவிட்டது. கதவு திறந்துதான் இருந்தது.

நான் காகிதத்தை எடுத்து, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை விரல் வைத்துப் பார்த்தேன். எழுத்துகள் நேராக, ஒரே அளவாக, அழகாக இருந்தன.

"தப்பு ஒண்ணும் இல்லம்மா" என்றேன்.

அதை வாங்கி மடித்துப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனாள்.